மூன்றாவது உருண்டை

தீபாவளியன்று ஊர் உலகமெல்லாம் விடிந்ததும் விடியாததுமாக இட்லியும் கறிக்குழம்புமாக வயிற்றை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, என் அக்கா வாக்கப்பட்ட வீட்டில் மட்டும் காக்கா சாப்பிட்டால்தான் மனுசனுக்குச் சோறு. அதுவும் பேருக்கு ஒரு உருண்டை இல்லை. அந்த வீட்டில் செத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை உருண்டை. அத்தனையையும் காக்கா எடுத்தாக வேண்டும். நான் பாளையம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். கல்யாணம் ஆகவில்லை. வருசத்தில் ஒரு நாளாவது வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம் என்று முதல் பஸ்ஸைப் பிடித்து, பரளச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்குப் போய் இறங்குகிறவன். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் கடுப்பு கொஞ்சநஞ்சமில்லை.

அக்கா பெயர் கனகலட்சுமி. நாற்பத்தைந்து வயசு. இருபது வயசில் மருதுபாண்டி மச்சானுக்குக் கட்டிக் கொடுத்தோம். மச்சானுக்குப் போர்வெல் லாரியில் வேலை. வருசத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டு கிடப்பார். தீபாவளிக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடுவார். வந்தால் சீட்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரம் காய்வதற்குள் பாயை விரித்து ரம்மி ஆட உட்கார்ந்துவிடுவார். பரளச்சியிலிருந்து திருச்சுழி வரைக்கும் தன்னை ஜெயிக்க ஆள் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். அது ஓரளவு உண்மையும்தான்.

எட்டு வருசத்துக்கு முன்னால், சத்தீஸ்கர் பக்கம் ஏதோ ஒரு ஊரில், லாரியை நிறுத்தி டீ குடிக்கப் போனார்கள். மச்சான் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய அண்ணன் கோட்டைச்சாமி, எனக்குப் பெரிய மச்சான், வெள்ளாமையை அப்படியே போட்டுவிட்டுத் தேடிப் போனார். பாஷை தெரியாத ஊரில் தம்பி படத்தைக் காட்டிக் காட்டி ஒரு மாசம் அலைந்து, ஆள் பாதியாகத் திரும்பி வந்தார்.

அக்கா உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. பெண் குழந்தை இருக்கிறதே. அருப்புக்கோட்டையில் ஒரு மிளகாய் வத்தல் மண்டிக்குக் காம்பு கிள்ளப் போனாள். இன்றைக்கும் போகிறாள். காம்பு கிள்ளுகிற கையால் கண்ணைத் தொட்டால் அன்று பூராவும் எரியும். "அழுதா தொடைக்க முடியாதுல்ல தம்பி, அதான் அழுகையே வாரதில்ல" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மச்சானுடைய போன் எண்ணைக் கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இந்திக்காரன் ஒருத்தன் எடுத்தான். அக்கா அதற்கும் அசரவில்லை. அமாவாசைக்கு அமாவாசை அந்த எண்ணைக் கூப்பிட்டு, "சாப்பிட்டீகளா" என்று கேட்பாள். அவன் இந்தியில் ஏதோ சொல்வான். "சரி" என்று வைத்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் போகவே பயமாக இருந்தது.

நான்கு வருசத்துக்கு முன்னால் நரிக்குடிப் பக்கம் ஒரு கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொன்னான். ஆள் உயிரோடு இல்லை, ஆவியாக வாசலில் பசியோடு நிற்கிறான், வீட்டுக்காரர்கள் சோறு வைக்கவில்லை என்றான். பெரிய மச்சான் நொறுங்கிப் போனார். அந்தத் தீபாவளிக்கு அப்பா, அம்மாவுக்கு வைக்கும் படையலோடு தம்பிக்கும் ஒரு இலை போட வேண்டும் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிற மனுசனுக்குப் படைத்தால் அதுவே அவரைக் கொன்றுவிடும் என்றாள். பேச்சு வளர்ந்து, கடைசியில் அவளே ஒரு முடிவு சொன்னாள்.

"படத்த வைங்க, மாலை போடாதிக. உருண்டைய நான்தான் உருட்டுவேன், நான்தான் மாடில வைப்பேன். காக்கா எடுத்துச்சுன்னா ஒத்துக்கிறேன்."

மாடிக் கைப்பிடிச் சுவரில் மூன்று இலைத் துண்டு, மூன்று உருண்டை. காக்கா வந்தது. மாமனார் உருண்டையைத் தின்றது. மாமியார் உருண்டையைத் தின்றது. மூன்றாவதில் ஒரே ஒரு கொத்து. அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவரில் தேய்த்தது. தலையைச் சாய்த்துக் கீழே நின்ற எங்களைப் பார்த்தது. பறந்துவிட்டது. அதற்குப் பிறகு வேலிக் கருவேல மரத்தில் அத்தனை காக்கா உட்கார்ந்திருந்தும் ஒன்றுகூட அந்த உருண்டைப் பக்கம் வரவில்லை. யாரோ சொல்லி வைத்தது மாதிரி இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரிய மச்சான் தேங்காய் உடைத்துத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஆறிப்போன கறிக்குழம்பு என் வாய்க்கு வந்தது.

அடுத்த தீபாவளிக்கும் அதே கதை. பசியை மறக்கச் சீட்டு எடுத்தோம். பெரிய மச்சான், அவர் வீட்டுக்காரி பேச்சியக்கா, நான். பாயிண்டுக்கு வறுத்த நிலக்கடலை. அதையும் தின்னக்கூடாது, எண்ணி எண்ணித் தள்ள மட்டும்தான் செய்யலாம். இதைவிடக் கொடுமை உண்டா? இரண்டு ஆட்டம் போனதும் பெரிய மச்சான் சீட்டைக் கீழே வைத்தார்.

"அவன விட்டுட்டு நாம ஆடுறோம். அதான் ரோசத்துல சோத்தத் தொட மாட்டேங்கான். அவனுக்கும் ஒரு கை போடுங்க."

போட்டோம். மச்சான் படத்துக்கு முன்னால் பதிமூன்று சீட்டு, கவிழ்த்தபடியே. அவர் முறை வரும்போது கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்தவர் ஆடினோம். ஆட்டம் முடிந்ததும் பேச்சியக்கா சும்மா ஒரு ஆசைக்கு அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். எடுக்காமல், போடாமல், விழுந்த இடத்திலேயே ரம்மி சேர்ந்து கிடந்தது. ஒரு சீட்டு மாற்ற வேண்டியதில்லை. பெரிய மச்சான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்கடுத்த வருசமும் போன வருசமும் நானே கலைத்தேன். நம்பாமல் திரும்பத் திரும்பக் கலைத்தேன். நானே போட்டேன். மறுபடியும் அந்தக் கைதான் முழு ரம்மி. கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த கணக்கு வாத்தியாரிடம் இதைக் கேட்டேன். எப்போதாவது ஒரு தடவை அப்படி விழலாம் என்றார். அடுத்த வருசமும் விழுந்தது என்றேன். சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

"வந்து உக்காந்து ஆடுறான். பெறகு ஏன் சாப்பிட மாட்டேங்கான்" என்று பெரிய மச்சான் புலம்புவார். அக்கா அடுப்படியிலிருந்தே பதில் சொல்வாள்: "உசுரோட இருக்கிறவுகளுக்குத்தான் கை நல்லா வரும். செத்தவுகளுக்கு எதுக்குச் சீட்டு?" சீட்டு ஒன்று சொன்னது, காக்கா ஒன்று சொன்னது. நடுவில் அக்கா நெற்றி நிறையப் பொட்டோடு நடமாடிக்கொண்டிருந்தாள்.

இந்த வருசம் அப்படியே விட முடியாமல் போயிற்று. அக்கா மகள் மாரீஸ்வரிக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுசர்கள். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள். பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போடுவதா வேண்டாமா என்று. போட்டால் அக்கா தாலியைக் கழற்ற வேண்டும். மகள் மணவறையில் இருக்கும்போது இவள் பந்திக் கொட்டகையில் எங்காவது ஒதுங்கி நிற்க வேண்டும். தாய் செய்ய வேண்டியதையெல்லாம் பேச்சியக்கா செய்வாள். அந்த ஊர் வழக்கம் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் பற்றி எரிந்து என்ன ஆகப் போகிறது?

தீபாவளிக் காலையில் பெரிய மச்சான் எல்லோர் முன்னாலும் சொன்னார். "கனகம், இந்த வருசம் காக்கா என்ன சொல்லுதோ அதையே பத்திரிகைல போட்டுருவோம். இதுக்கு மேல எனக்குத் தெம்பில்லம்மா."

"சரி மச்சான். அது சொல்லட்டும்" என்றாள் அக்கா.

சட்டென்று ஒத்துக்கொண்டாள். மாரீஸ்வரிதான் முகம் வெளுத்துப்போய் அம்மாவைப் பார்த்தாள். நாலு வருசமாகப் பிடிவாதம் பிடித்தவள், தாலியைக் கொண்டுபோய் ஒரு காக்கா அலகில் தொங்கவிடுகிறாளே என்று எனக்கும் ஆத்திரம். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன்.

போனது கேட்கத்தான். ஆனால் கறிக்குழம்பு வாசனை ஆளைத் தூக்கியது. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தில் மூன்று உருண்டை தயாராக இருந்தன. மூன்றாவதில் ஒரு கறித்துண்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காக்கா எப்படியும் அந்த உருண்டையை எடுக்கப் போவதில்லை, கறி வீணாகத்தானே போகிறது என்று என் புத்தி வேலை செய்தது. கறியோடு ஒட்டியிருந்த சோற்றையும் சேர்த்துப் பிய்த்து வாயில் போட்டேன்.

அப்படி ஒரு கசப்பை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. நாக்கு, தொண்டை, காது வரைக்கும் கசந்தது.

"துப்பு" என்றாள் அக்கா, திரும்பாமலே. "முழுங்கிராத. வயித்தால போகும்."

கொல்லைக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தேன். "என்னக்கா இது?"

"பேய்க்கொமட்டி."

கரிசல் காட்டில் வரப்போரம் தானாகப் படர்ந்து கிடக்கிற கொடி அது. காய் பார்க்கச் சின்னத் தர்பூசணி மாதிரி லட்சணமாக இருக்கும். ஆடுகூட வாய் வைக்காது. அதன் சாற்றைப் பிழிந்து சோற்றில் பிசைந்திருக்கிறாள்.

"நாலு வருசமாவா?"

"பெறகு? காக்காவுக்கு என்ன தெரியும். அது பாட்டுக்கு மூணையும் தின்னுட்டுப் போயிரும். இவுக பாட்டுக்குத் தாலியக் கழட்டுன்னுருவாக."

"சாமி குத்தம்க்கா."

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு எல போடுறது மட்டும் குத்தமில்லையா? நான் அத மறிக்கேன். அம்புட்டுத்தான்." அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பயமே இல்லை. "இந்த வருசம் ரெண்டு காயி சேத்துப் பிழிஞ்சிருக்கேன். எந்தக் காக்காவும் தொடாது. போ, போயி வாயக் கொப்புளி."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு மனுசனை நாலு வருசமாக ஒரு காட்டுக்காயை வைத்து உயிரோடு வைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவும் முடியாது. காக்காவுக்கு முன்னால் படையலில் கை வைத்தவன் என்று என் மானமும் சேர்ந்து போகும். வாயைக் கொப்புளித்துவிட்டுப் பேசாமல் பாயில் வந்து உட்கார்ந்தேன்.

அக்கா உருண்டைகளை மாடியில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். மாரீஸ்வரி மாடிப்படியின் மேல்படியில் காவலுக்கு உட்கார்ந்தாள். நான் சீட்டைப் போட்டேன். வழக்கம்போல மச்சான் படத்துக்கு முன்னாலும் பதிமூன்று சீட்டு போட்டேன். அப்போதுதான் அக்கா, அந்த எட்டு வருசத்தில் சீட்டைத் தொடாதவள், சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவுக வார வரைக்கும் அவுக கைய நான் ஆடுறேன்."

பேச்சியக்கா என்னைப் பார்த்தாள். அக்கா சீட்டை எடுத்து விசிறியாக விரித்தாள். மறுபடி முழு ரம்மியாக இருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அக்கா நெற்றியைச் சுருக்கினாள். "என்ன இது, இன்னைக்கு இவுக கை இப்பிடி இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். ஒன்றோடு ஒன்று சேரவில்லை. ஒரு ஜோடி இல்லை, ஜோக்கர் இல்லை. பதிமூன்றும் பதிமூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. சந்தையில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி இருந்தது அந்தக் கை. அக்கா சிரித்தாள். "சரி, ஆடித்தான் சேப்போம்" என்று ஒரு சீட்டை எடுத்தாள். சேரவில்லை, போட்டாள். மறுபடி எடுத்தாள், போட்டாள். நிலக்கடலையை நகர்த்தி நகர்த்தி என்னை வம்புக்கு இழுத்தாள். அத்தனை கலகலப்பாக அவளைப் பார்த்து வெகு காலமாகியிருந்தது. எனக்கும் நாக்கில் கசப்பையும் மீறி ஒரு நிம்மதி வந்தது. மகள் கல்யாணத்தில் பட்டுச்சேலை கட்டி முன்னால் நிற்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவில் அதுவரை விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருந்த வெடிச்சத்தம் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. நல்ல உச்சிப் பொழுது. வானம் மழை வருகிற மாதிரி மூடியிருந்தது. காற்று அசையவில்லை.

"பெரியப்பா" என்றாள் மாரீஸ்வரி மேலிருந்து. கத்தவில்லை. அடங்கின குரல். "ஒரு காக்கா வந்திருக்கு. கரையவே இல்ல. மூணாவதுகிட்ட நிக்குது."

பெரிய மச்சான் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். அக்கா மட்டும் சீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "கொத்திட்டுப் போயிரும்" என்றாள்.

"தின்னுது."

அக்கா தலையைத் தூக்கினாள்.

நான் படி ஏறிப் போய் மாரீஸ்வரிக்குப் பின்னால் நின்றேன். ஒற்றைக் காக்கா. முதல் இரண்டு உருண்டையை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. மூன்றாவதை நிதானமாகத் தின்றது. ஒரு கொத்து, கொஞ்சம் நிறுத்தம், ஒரு கொத்து. அலகைத் துடைக்கவில்லை. சாதாரணமாகக் காக்காக்கள் செய்வதுபோலக் கவ்விக்கொண்டு பறக்கவும் இல்லை. கருவேல மரத்தில் இருந்த மற்ற காக்காக்கள் சத்தம் போடாமல் காத்திருந்தன. அது தின்று முடித்து, கிழக்கே பார்த்துப் போன பிறகுதான் அவை இறங்கி மற்ற இரண்டையும் அடித்துப் பிடித்துத் தின்றன.

கீழே பேச்சியக்கா குலவை போட வாயெடுத்து, பிறகு என்ன நினைத்தாளோ கையால் வாயை மூடிக்கொண்டாள். பெரிய மச்சான் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். "வயிறு நெறஞ்சானா, என் தம்பி வயிறு நெறஞ்சானா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாலு வருசத்துப் பாரம் அவருக்கு இறங்கிவிட்டது. பேச்சியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை போடப் போனாள்.

அக்கா கையிலிருந்த சீட்டை ஒழுங்காகச் சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து மாடிக்கு வந்தாள். மாரீஸ்வரி "அம்மா" என்றாள். அவள் தலையைத் தடவிவிட்டு, கீழே போய்ப் பெரியம்மாவுக்கு ஒத்தாசை செய்யச் சொல்லி அனுப்பினாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம்.

கைப்பிடிச் சுவரில் மூன்றாவது இலை வெறுமையாகக் கிடந்தது. வழித்து எடுத்தது மாதிரி, ஒரு பருக்கை இல்லை. குழம்பின் ஈரம் மட்டும் லேசாக ஒட்டியிருந்தது. அக்கா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் முகம் சுருங்கியது. விரலை மறுபடி இலையில் தேய்த்து என் பக்கம் நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். எனக்குத் தெரியும். காலையில் தின்ற கசப்பே இன்னும் போகவில்லை.

"மழை தண்ணியில்லாத காலம்க்கா. காக்காவுக்கும் பசிதான். பசில எதையும் திங்கும்" என்றேன். அதை நானே நம்பவில்லை.

"போன வருசமும் மழையில்லையே" என்றாள்.

"அது வேற ஏதாச்சும் நோஞ்சான் காக்காவா இருக்கும். நாக்கு செத்துருக்கும். நீ ஒண்ணும் நெனைக்காத. நான் இப்பவே கீழ போயி உள்ளதச் சொல்லிருதேன். கலந்து வச்சோம்னு சொல்லிருவோம். இது கணக்கில்லைன்னு சொல்லிருவோம்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"கலியாணமான புதுசுல எனக்கு ஒரு சமையலும் வராது தம்பி. ஒருநாள் உப்பக் கொட்டிருவேன், ஒருநாள் அடிப்பிடிச்சிரும். அத்தை வாயில வைக்க மாட்டாக. மூத்தவுக எலய மடிச்சிட்டு எந்திரிச்சிருவாக. இவுக மட்டும் வாயத் தொறக்காம, எலைல ஒத்தப் பருக்கை விடாம தின்னுட்டு எந்திரிப்பாக." அவள் இலையைக் கையில் எடுத்து மடித்தாள். "நான் போட்டது கசந்தாலும் திங்கிற ஆளு இந்த ஒலகத்துலயே அவுக ஒருத்தருதான்ல. இத்தன பசியோட வந்திருக்காக. நான் இம்புட்டு நாளும் கொமட்டியப் பிழிஞ்சு விரட்டிருக்கேன்."

கீழே பெரிய மச்சான் அக்காவைச் சம்மதிக்க வைக்க என்னென்ன சொல்லலாம் என்று யோசித்தபடி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா படி இறங்கிப் போய் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தெய்வத்திருன்னே போடச் சொல்லிருங்க மச்சான்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய், நல்ல சோறும் கறிச்சட்டியிலிருந்து நல்ல கறியுமாக ஒரு பெரிய உருண்டை பிசைந்து, மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.